பார்சல் ராத்திரி: மோமோவும் நம் இட்லிக் கொப்பரையும்

மல்லாங்கிணறு மாதிரி ஊரில் வேலைக்குப் போகிற தாய் தகப்பனுக்குச் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும் உள்ள நேரம்தான் பெரிய நெருக்கடி. பட்டாசு ஆலை வேன் இறக்கிவிட்டுப் போயிருக்கும். வெடிமருந்து வேலை பார்த்தவர் தலையோடு குளிக்காமல் பிள்ளையைத் தூக்கவும் கூடாது, அடுப்படிக்குப் போகவும் கூடாது. மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர் வீடு வந்து சேரவே ஏழரை ஆகிவிடும். அதற்குள் பிள்ளைக்குப் பசி வந்து, பசி அடங்கி, தூக்கம் சொக்கிக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் இந்த நெருக்கடி இன்னும் கூடும். அப்படிப்பட்ட நாளில் பார்சல் வாங்குவதற்காக யாரும் மனம் குமையத் தேவையில்லை. எதை வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது, வந்ததும் என்ன செய்வது என்று தெரிந்திருந்தால் போதும்.

நம் பக்கத்தில் பார்சல் என்றாலே பரோட்டாதான். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்காகப் பர்மா கடையைத் தேடி வெளியூரிலிருந்தே ஆள் வருகிறார்கள். ஆனால் இப்போது பிள்ளைகள் வேறு ஒன்றைக் கேட்கின்றன. செல்போனில் பார்த்துவிட்டு, “அப்பா, வரும்போது மோமோ வாங்கிட்டு வாங்க” என்கின்றன. நேபாளத்திலும் திபெத்திலும் பிறந்த ஒரு பண்டம் விருதுநகர், மதுரை பக்கம் வேலைக்குப் போய்வருகிறவரின் பைக்கில் தொங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வருகிறது. அதை வீட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பதைப் பற்றியது இந்த அத்தியாயம்.

ஆத்தாவுக்கு முதலில் விளக்க வேண்டும்

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதல் கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும். “என்னலே இது, கொழுக்கட்டைக்குள்ள கோஸை வச்சுக் குடுத்திருக்கான்?” ஆத்தா சொல்வது ஏறக்குறைய சரி. மைதா மாவை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, நடுவில் பொடியாக நறுக்கிய முட்டைக்கோசோ கொத்திய கறியோ வைத்து, கொசுவம் மடிப்பது போல ஓரத்தை மடித்து மூடி, ஆவியில் வேகவைப்பதுதான் மோமோ. நேபாளத்தில் எருமைக் கறி மோமோ சாதாரணம். நம் பக்கத்து வண்டிகளில் காய்கறி, கோழி, பன்னீர் இவ்வளவுதான் இருக்கும். காத்மண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் வணிகர்கள் லாசாவுக்கு வியாபாரம் போய்த் திரும்பும்போது கொண்டுவந்த பலகாரம் இது என்று சொல்வார்கள்.

நேபாளச் சாப்பாடு என்றதும் ஏதோ தூரத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு தால்-பாத், அதாவது பருப்பும் சோறும், தொட்டுக்கொள்ளக் காய்கறியும் ஊறுகாயும். நேவார்கள் உளுந்தை அரைத்துத் தட்டையாகச் சுடும் ‘பாரா’ நம் உளுந்து அடைக்கு அக்கா தங்கை. அரிசி மாவுக்குள் வெல்லப் பாகும் எள்ளும் வைத்து அவிக்கும் ‘யோமரி’யைப் பிள்ளையார் சதுர்த்தியன்று நம் அடுக்களையில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அவர்கள் டிசம்பரையொட்டி வருகிற பௌர்ணமியில் செய்கிறார்கள். அரிசி மாவை வளையமாகப் பொரிக்கும் ‘சேல் ரொட்டி’ உண்டு. உப்புக்கண்டம் போலக் காயவைத்த ‘சுக்குட்டி’ உண்டு. அவல் உண்டு. ‘திமூர்’ என்ற மிளகு வகை ஒன்றுதான் நமக்கு நிஜமாகவே புதிது. கடித்தால் நாக்கு லேசாக மரத்துப்போகும். பிள்ளைகள் அதைச் சாப்பிட்டுவிட்டு விழிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

வண்டிக்கடையில் இதெல்லாம் கிடைக்காது. மோமோ, சௌமின் என்கிற நூடுல்ஸ், எங்காவது அதிர்ஷ்டம் இருந்தால் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப். அவ்வளவுதான். அது போதும்.

வெளிநாட்டுச் சாப்பாடு நம் ஊருக்கு என்னவோ இப்போதுதான் வருகிறது என்று நினைக்கிறவர்கள் பர்மா கடையின் பெயர்ப் பலகையை ஒருமுறை நின்று படிக்கலாம். தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் பர்மா போனவர்கள் 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பினார்கள். 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது மிச்சம் பேரும் கப்பலேறினார்கள். அவர்களோடு வந்த அத்தோ, மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் பண்டங்கள் சென்னையில் பர்மா பஜாரையொட்டிய தெருக்களில் இன்றும் விற்பனையாகின்றன. நேபாளத்திலிருந்து வருகிறவர்கள் கதையும் பிழைப்புக் கதைதான். 1950-இல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவர்கள் விசா இல்லாமல் இங்கே வந்து வேலை பார்க்கலாம். முன்பு ராத்திரி விசில் ஊதி, தடியைத் தரையில் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றியவர்களை மட்டும்தான் நமக்குத் தெரியும். இப்போது பாஸ்ட்புட் கடைகளில் வாணலியைப் புரட்டுகிறார்கள். வாணலி பிடிப்பவர் டார்ஜிலிங்காரராகவோ மணிப்பூர்காரராகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு. முகத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்ய வேண்டாம், “ஏ கூர்க்கா” என்று கூப்பிடவும் வேண்டாம். தம்பி, அண்ணே என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் “அக்கா, காரம் கொஞ்சமா, நல்லா வேணுமா?” என்று நம் தமிழிலேயே கேட்கிற அளவுக்கு வந்துவிடுகிறார்கள்.

தூரத்தைப் பார்த்து வாங்குங்கள்

பட்டணத்துக்காரர்களுக்கு எழுதிய வழிகாட்டிகள் எந்த ஐட்டம் ருசி என்று சொல்லும். நமக்கு முதலில் தெரிய வேண்டியது எந்த ஐட்டம் பயணத்தைத் தாங்கும் என்பது. விருதுநகரில் வாங்கினால் பைக்கில் மல்லாங்கிணறு வர ஏறக்குறைய அரை மணி. மதுரையில் வாங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

பொரித்த மோமோவை மூடிக் கட்டினால் பத்தே நிமிடத்தில் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும். கடையில் நின்று சாப்பிடுகிறவருக்குத்தான் அது சரி. நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், ஆனாலும் வாணலியில் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துப் புரட்டினால் மீட்டுவிடலாம். துக்பா வாங்குவதானால் நூடுல்ஸையும் சூப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்துத் தந்தால் வீடு வருவதற்குள் நூடுல்ஸ் சூப்பையெல்லாம் குடித்துவிட்டுப் பருத்துக் கிடக்கும். இவை எல்லாவற்றிலும் அதிகம் தாங்குவது ஆவியில் வெந்த மோமோதான். ஆறினாலும் கெட்டிப்படுவது மேல்தோல் மட்டுமே. அதைச் சரிசெய்யும் பாத்திரம் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மதுரையிலிருந்து வருகிறவருக்கு என் யோசனை வேறு. கோழி மோமோ வாங்க வேண்டாம். காய்கறி மோமோ வாங்குங்கள், அல்லது அன்றைக்கு அந்த ஆசையை விட்டுவிடுங்கள். சமைத்த உணவு 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரி செல்சியசுக்குக் கீழும் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் மாவட்டத்தில் 32 டிகிரியைத் தாண்டாத சாயங்காலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொத்திய கறி சீக்கிரம் கெடும்.

கடையில் நிற்கும்போது

கிளம்பும் முன் போன் போட்டுச் சொல்லிவிட்டால் நீங்கள் போய் இறங்கும்போது அடுக்குப் பாத்திரத்திலிருந்து நேராகப் பார்சலுக்கு வரும். ஏற்கெனவே வெந்து ஓரமாக ஒதுக்கி வைத்ததைத் தந்தால், “தம்பி, புதுசா வச்சுக் குடுங்க, நிக்கிறேன்” என்று சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். பல வண்டிகளில் உறைய வைத்த பாக்கெட் மோமோவைத்தான் வேகவைக்கிறார்கள். அது தப்பில்லை. பனிக்கட்டியாக இருப்பதை நேராக ஆவியில் ஏற்ற வேண்டும். சாயங்காலம் முழுக்க மேசையில் கிடந்து உருகித் தொளதொளத்துப் போயிருந்தால் வாங்காதீர்கள். கோழி மோமோ என்றால் அங்கேயே ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே ஆவி பறக்க வேண்டும், கறியில் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது.

வெள்ளையாக ஒரு கிண்ணத்தில் மயோனைஸ் தருவார்கள். குழந்தைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்கிற சரக்கு அது. சால்மோனெல்லா கிருமி வளர்வதற்கு ஏற்ற இடம். ஹைதராபாத்தில் 2024 அக்டோபரில் தெருக்கடை மோமோ சாப்பிட்ட ஒரு பெண் இறந்து, இன்னும் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது தெலங்கானா அரசு பச்சை முட்டை மயோனைசுக்குத் தடை போட்டது. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை அறிவித்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், “மயோனைஸ் வேண்டாம்” என்று சொல்லும் வாய் உங்களுடையது. சிவப்புச் சட்னியைத் தனியாகக் கேளுங்கள். வத்தலும் பூண்டும் தூக்கலாக இருக்கும், பெரியவர்களுக்கு ஆகும்.

அஜினமோட்டோ போடுவார்களே என்று கேட்கிறவர்கள் உண்டு. பாக்கெட் உணவில் அது சேர்ந்திருந்தால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஏற்றதல்ல என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த வயதுப் பிள்ளைக்கு வண்டிக்கடைச் சாப்பாடு எதுவுமே கொடுக்கப்போவதில்லை என்பதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு நான் அதைவிட அதிகம் கவலைப்படுவது உப்புக்காக. சோயா சாஸ், சூப், சட்னி மூன்றிலும் சேர்ந்தால் ஒரு வேளைக்கே உப்பு எகிறிவிடும்.

பாத்திரம் நீங்களே கொண்டுபோங்கள். பழைய எவர்சில்வர் டிபன் கேரியர் அல்லது தூக்குவாளி, மஞ்சப்பைக்குள். சூடான குழம்பை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டும் பழக்கம், 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகும் சந்துபொந்துகளில் நடக்கிறது. செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதையும் 2018-ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகள் தடுக்கின்றன. அச்சு மை எண்ணெயில் கரைந்து உள்ளே இறங்கும். கேரியரின் மேல் தட்டை முழுக்க இறுக்காமல் ஒரு நூலிழை இடம் விட்டால் ஆவி தண்ணீராகி மோமோ மேல் சொட்டாது. அடியில் ஒரு துண்டு வாழை இலை போட்டால் ஒட்டாமலும் வரும்.

கடையில் எங்காவது 14 இலக்க எண் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு வணிகருக்கான பதிவு. தள்ளுவண்டிக்கும் பதிவு வேண்டும்.

வீட்டில் பாதி, கடையில் பாதி

நான்கு பேருக்கும் வயிறு நிறைய மோமோவே வாங்கினால் காசும் கரையும், பிள்ளை வயிற்றில் மைதாவும் மிஞ்சும். நேற்றுப் பரோட்டா, இன்றைக்கு மோமோ என்றால் ஊர்தான் மாறியது, மாவு மாறவில்லை. இரண்டு தட்டு வாங்குங்கள், பெரும்பாலும் ஒரு தட்டுக்கு ஆறோ எட்டோ இருக்கும். மற்றது வீட்டில். ஒருவர் வாங்கப் போன அந்த அரை மணியில் மற்றவர் சோறும் பருப்பும் முடித்துவிடலாம். அதற்குக் காலையிலேயே அரிசியையும் பருப்பையும் அளந்து குக்கர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் போதும். காலையிலேயே பருப்பை வேகவைத்து வெளியே வைத்துப் போகாதீர்கள், சாயங்காலம் ஊசிப்போய் இருக்கும். சோறும் பருப்பும் மோமோவும் ஒரே தட்டில் வருவது காத்மண்டு வீட்டுக்காரருக்கு விசித்திரமாக இருக்கலாம், ஆனால் பிள்ளைக்குப் பழகின சாப்பாடு பக்கத்தில் இருந்தால்தான் பழகாததைத் தொட்டுப் பார்க்கும். “ஒண்ணே ஒண்ணு கடிச்சுப் பாரு, பிடிக்கலைன்னா அம்மாகிட்ட குடு” என்று சொல்லி விட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை தானே கேட்கும், அல்லது கேட்காது. கேட்காவிட்டால் வாங்கின மிச்சம் உங்களுக்கு.

இப்போது இட்லிக் கொப்பரை. வாங்கப் போனவர் ஊர் எல்லைக்கு வந்ததும் ஒரு போன் போடட்டும். கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். தட்டில் ஈரமான இட்லித் துணியை விரித்து, மோமோக்களை ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குங்கள். குழிக்கு ஒன்று என்று வைத்தால் தானாகவே இடம் விட்டு உட்காரும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு தட்டை இறக்கி, மூடி, ஐந்து நிமிடம். தோல் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். உள்ளே கறியும் ஆவி பறக்கச் சூடாகிவிடும், சூடு உள்வரை ஏறியதை ஒன்றைப் பிட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். துணியிலிருந்து எடுக்கும்போது இட்லிக்குச் செய்வது போலப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் கிழியாது. மைக்ரோவேவ் இருக்கிறதே என்பவர்களுக்கு: அதில் ஓரம் தோல் செருப்பு மாதிரி விறைத்துவிடும். கொப்பரையே மேல்.

சட்னியை வீட்டிலேயே அரைக்கலாம். நேபாள ‘அச்சார்’ என்பது பெரும்பாலும் தக்காளியும் வறுத்த எள்ளும்தான். மூன்று தக்காளி, இரண்டு பல் பூண்டு, ஒரே ஒரு வத்தல், மூன்றையும் எண்ணெய் விட்டு வதக்கி, ஒரு ஸ்பூன் வறுத்த எள், உப்பு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று. இதையே வெந்நீர் விட்டுத் தளர்த்தி மல்லித்தழை தூவி, வெந்த மோமோவை அதில் மிதக்க விட்டால் அவர்கள் ‘ஜோல் மோமோ’ என்கிற பதார்த்தத்துக்கு மிக அருகில் வந்துவிடும். தக்காளி ரசம் மிச்சமிருந்தால் அதிலேயே போட்டும் கொடுக்கலாம். நேபாளத்தில் யாரும் அப்படிச் சாப்பிட மாட்டார்கள் என்பது தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடும் என்பதும் தெரியும்.

சிறு பிள்ளைகளுக்கு இரண்டு எச்சரிக்கை. மோமோவின் தோல் ஆறியிருந்தாலும் உள்ளே சாறு கொதித்துக்கொண்டிருக்கும், ஒரே கடியில் வாய் வெந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் முழுசாகக் கொடுக்கவே கூடாது. வழுவழுப்பான உருண்டை தொண்டையில் போய் அடைக்கும். நான்காக வெட்டி, உள்ளிருப்பதைப் பரப்பி ஆறவைத்துக் கொடுங்கள். எள், கடலை, முட்டை, சோயா, கோதுமை இவற்றில் எதற்காவது பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால் கடைச் சட்னியும் சாஸும் கிட்டேயே வரக் கூடாது. கோதுமை ஒவ்வாமை என்றால் மோமோவே ஆகாது.

மிச்சம்

மோமோ மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பிரிஜ்ஜில் ஏற்றி, மறுநாளுக்குள் மறுபடி கொப்பரையில் ஆவி கட்டிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மூன்றாம் சூடு வேண்டாம். பிரிஜ் இல்லாத வீட்டில் மிச்சம் வைக்கும்படி வாங்கவே கூடாது.

பாஸ்ட்புட் கடையில் வாங்கிய ஃபிரைட் ரைஸ் வேறு கதை. வெந்த சோற்றை வெளியே வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி முளைத்து நச்சை உமிழ்ந்து வைக்கும். காலையில் வாணலியில் எவ்வளவு புரட்டினாலும் கிருமி சாகலாம், நச்சு போகாது. வாந்தி அதனால்தான் வருகிறது. பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த ஊர்தானே இது என்று கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிய சோற்றில் ராத்திரியோடு புளிப்பு ஏறுகிறது, அது வேறு வழியில் போகிறது. எண்ணெயும் முட்டையும் சாஸும் கலந்து, வெதுவெதுப்பாக டப்பாவில் கிடக்கும் ஃபிரைட் ரைசுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ராத்திரி வெளியே கிடந்ததை மாட்டுக்குக்கூட வைக்காதீர்கள்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் பிள்ளைக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். கண் சொருகினாலும், சிறுநீர் போகாமல் இருந்தாலும், ரத்தம் தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். ஆட்டோவோ 108-ஓ எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள். மிச்சம் இருக்கிற உணவைக் கொட்டாமல் மூடி, குளிராக எடுத்து வையுங்கள், பில்லோ பணம் அனுப்பிய செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில் 94440 42322 என்ற எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். கடை எங்கே இருக்கிறது, வாங்கியது எத்தனை மணிக்கு, சாப்பிட்டது எத்தனை மணிக்கு, யார் யார் சாப்பிட்டார்கள் என்று நான்கு வரி எழுதினால் போதும்.